பறங்கிப்பட்டை: வேர் தரமானது, கலவைத் தூள் வேண்டாம்

என் தாயாருக்கு முழங்கையிலும் கணுக்காலிலும் பல ஆண்டுகளாக இருந்துவரும் சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்குச் சித்த மருத்துவர் பறங்கிப்பட்டைச் சூரணம் எழுதிக் கொடுத்தார். அதற்கான வேரை வாங்க, மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்திலுள்ள ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு இரண்டு முறை சென்றேன். முதல் முறை நிறைவோடும் இரண்டாம் முறை கவலையோடும் திரும்பினேன்.

பட்டை என்று பெயர் இருந்தாலும் இது மரப்பட்டை அன்று. ஸ்மைலாக்ஸ் என்னும் முட்கொடியின் கிழங்கு. சீனத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்களில் கோவா வழியாக வந்து இறங்கியதால் நம்மவர்கள் இதைப் பறங்கியர் பெயராலேயே அழைத்தார்கள். வடநாட்டில் சோப்சீனி என்பார்கள். அக்காலத்தில் பறங்கிப்புண் என்ற சிபிலிஸ் பால்வினை நோய்க்கு இதுவே பெருமருந்தாகக் கருதப்பட்டது. அந்நோய்க்கு இன்று பென்சிலின் இருப்பதால், அதற்காக இந்த வேரை நாடுவது தவறு. வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இதற்கு உண்டு என்பது சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் காணப்பட்டிருக்கிறது என்றாலும், மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்து உறுதி செய்யப்பட்ட மருந்தாக இதைச் சொல்ல முடியாது.

முதல் நாள் கல்லாவில் இருந்த பெரியவர், கிழங்குத் துண்டு ஒன்றை இரும்பு உரலில் வைத்து உலக்கையால் ஒரே அடியில் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே துருவேறிய பழுப்பு நிறத்தில் முடிச்சு முடிச்சாக இருந்த கிழங்கு, உள்ளே இளஞ்சிவப்பு கலந்த வெண்மையாக இருந்தது. விரலால் தேய்த்தபோது மாவு ஒட்டியது, வாசனை ஏதும் இல்லை. வண்டு துளைத்த துண்டுகளை அவரே பொறுக்கித் தள்ளிவிட்டு, "வேராப் பாத்து வாங்குங்கம்மா, தூள்ல என்னத்தைத் தெரியும்?" என்றார். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு என்பதால் இதில் வண்டு எளிதில் விழும். ஆகவே அந்தப் பொறுக்கலை நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டில் அதை இடித்துச் சலித்து, மருத்துவர் சொன்னபடி பசும்பாலின் ஆவியில் பிட்டவியலாக வேகவைத்து, உலர்த்தி மறுபடியும் பொடித்தோம்.

இரண்டாம் முறை பெரியவர் இல்லை. கடையில் இருந்த இளைஞர், வேரைக் கேட்ட எனக்கு, "எல்லாத் தோல் வியாதிக்கும் இது ஒண்ணே போதும்" என்று ஒரு கலவைத் தூள் பொட்டலத்தை நீட்டினார். அதில் உரிம எண்ணோ, தொகுதி எண்ணோ, காலாவதி நாளோ இல்லை. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வற்புறுத்திக் கேட்ட பிறகே பறங்கிப்பட்டையோடு ஆடுதீண்டாப்பாளையும் உண்டு என்றார். கரப்பான் என்னும் தோல் நோய்க்கு அதைத் தரும் வழக்கம் நம் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது அரிஸ்டலோக்கியா இனச் செடி. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது இதனால்தான். ஃபாங் ஜி என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த குவாங் ஃபாங் ஜி என்னும் அரிஸ்டலோக்கியா வேர் தூளாகிக் கலந்துவிட்டது. வேராக இருந்தபோது பிரித்தறியக்கூடியதாக இருந்தது, தூளான பின் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. எழுபதைக் கடந்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் என் தாயாருக்கு அந்தப் பொட்டலத்தைக் கேளாமல் வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. ஆடுகூடத் தீண்டாது என்று நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்த செடியை, சொல்லாமல் கலந்து விற்பது பெரும் பிழை. இளைஞரிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் பொட்டலத்தை மறுபடியும் அலமாரியிலேயே வைத்தார்.

வேரின் பயனைப் பொறுத்தவரை, மூன்று மாதத்தில் அரிப்பும் செதில் உதிர்வதும் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன. வெட்பாலைத் தைலமும் சேர்த்தே பூசிவந்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. தொடங்கும் முன்பும் இடையிலும் சிறுநீரகத்தின் நிலையை அறிய மருத்துவர் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஆங்கில மருந்து எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.

இந்தக் கடையில் வேரை மட்டும் இனியும் வாங்குவேன். செல்பவர்கள் பெரியவர் இருக்கும் காலை வேளையில் மருத்துவர் சீட்டோடு செல்லுங்கள். ஒரு துண்டையேனும் உங்கள் கண்ணெதிரே பிளந்து காட்டச் சொல்லுங்கள்.