குழந்தைகளுக்கு உகுலேலே: சில வருடங்கள் புழங்கிய பிறகு

எங்கள் வீட்டில் ஒரு சோப்ரானோ உகுலேலே சில வருடங்களாகப் புழங்குகிறது. உகுலேலே என்பது கிட்டார் போன்ற ஒரு சின்ன வாத்தியம், சோப்ரானோ அதில் ஒரு சிறிய அளவு. மகளுக்காக வாங்கியது. இப்போது அவள் தம்பியும் கேட்டு வாங்கி மீட்டுகிறான். இத்தனை நாள் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. வாத்தியம் எந்நேரமும் சுருதி சேர்ந்து, கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் பிள்ளைகள் தாமாகவே எடுத்து வாசிக்கிறார்கள். அப்படி வைத்திருப்பது பெரியவர்களின் வேலை.

முதலில், ஏன் உகுலேலே? சோப்ரானோ அளவு மொத்தமே அரை மீட்டரைவிடச் சற்று அதிகம், அதனால் சின்னப் பிள்ளை மடியில் வைத்துக் கட்டிப்பிடிக்க முடிகிறது. நான்கே நைலான் தந்திகள், மேலிருந்து கீழே ஜி, சி, ஈ, ஏ என்ற மேற்கத்திய ஸ்வரங்களில். கிட்டாரின் எஃகுக் கம்பி போல விரல் நுனியை அறுக்காது. கீழே இருக்கும் ஏ தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே வரிசையாக உள்ள உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) ஒரே விரலால் அழுத்தி நான்கு தந்திகளையும் மீட்டினால் சி கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, வந்துவிடும். ஏ மைனருக்கும் ஒரு விரல்தான், எஃப் கார்டுக்கு இரண்டு, ஜி7-க்கு மூன்று. சியும் ஜி7-உம் மட்டும் வைத்துக்கொண்டே எத்தனையோ சின்னப் பாடல்களைப் பாடலாம். 'நான் ஒரு பாட்டு வாசித்தேன்' என்று பிள்ளை சீக்கிரமே சொல்ல முடிவது சாதாரண விஷயமில்லை. அடுத்த நாளும் எடுக்கத் தோன்றுவது அதனால்தான்.

இனி சுருதி. புது நைலான் தந்தி நன்றாக இழுபட்டு அடங்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் சேர்த்தால் மாலையில் மறுபடி சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இது ஒரு சின்னத் தொல்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு அப்படியில்லை. விரல் சரியான இடத்தில் இருந்தும் சத்தம் கேட்க நன்றாக இல்லையென்றால், தந்தி இறங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. "எனக்கு வரல" என்று கீழே வைத்துவிடும். அதனால் மகள் எடுப்பதற்கு முன்பே நான் ஜி, சி, ஈ, ஏ நான்கையும் சரிபார்த்து வைத்துவிடுவேன். வாத்தியத்தின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் என்ற சுருதி காட்டும் சின்னக் கருவி இதற்கு அருமையான துணை. மர அதிர்விலிருந்தே சுருதியைப் பிடிப்பதால் வீட்டில் டிவி ஓடினாலும் வேலை செய்யும். ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறதா என்று டியூனரின் அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தந்தி ஏறிப்போயிருந்தால் தேவையைவிடக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள், அப்போதுதான் அப்படியே நிற்கும். கொஞ்ச காலம் இப்படிச் சுருதி சேர்ந்த ஒலியையே கேட்டுப் பழகியதில், டியூனர் மாட்டாமலே ஒருநாள் மகள் "அம்மா, ஈ தந்தி இறங்கியிருக்கு" என்றாள். மாட்டிப் பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

எங்கள் உகுலேலேயில் ஒரு குறை உண்டு. தந்தியை முறுக்கும் ஆணி பல்சக்கரம் இல்லாத வகை, அடிக்கடி வழுக்கும். பின்னால் உள்ள சின்னத் திருகை இறுக்கினால் சரியாகிவிடுகிறது. இருந்தாலும் புதிதாக வாங்குபவர்கள் பல்சக்கரம் வைத்ததையே பாருங்கள். அப்புறம், கடையிலேயே ஒவ்வொரு தந்தியையும் சும்மா மீட்டிவிட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தியும் மீட்டுங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். விலகிக் கேட்டால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் அபஸ்வரம்தான். ஃப்ரெட் ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், கீறக் கூடாது.

பயிற்சி நேரம் என்று நான் கடிகாரம் வைக்கவில்லை. 1898-இல் பிறந்த ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, குழந்தை தாய்மொழியைக் கற்பது போலவே இசையையும் கற்க முடியும் என்றார். நிறையக் கேட்க வேண்டும், வீட்டிலும் யாராவது கூட இருக்க வேண்டும். பெற்றோரும் அடிப்படையைக் கற்றுக்கொள்வது அவருடைய முறையில் உண்டு. உகுலேலேக்கும் இது அப்படியே பொருந்துகிறது. நானும் அந்த நான்கு கார்டுகளைக் கற்றுக்கொண்டேன். மகள் மீட்ட நான் பாடுவேன், பிறகு மாற்றிக்கொள்வோம். மனம்போல் தட்டி மீட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய்த் திருத்துவதில்லை. தன் காதுக்குப் பிடித்ததைத் தேடும் நேரம் அது.

குறைகளும் உண்டு. ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் மெதுவான பாடல்கள் வெறுமையாகக் கேட்கும். பன்னிரண்டு ஃப்ரெட் மட்டுமே உள்ள சோப்ரானோவில் மொத்த வீச்சு இரண்டு ஸ்தாயிக்கும் குறைவு. மேலே இருக்கும் ஜி தந்தி பார்க்க முதல் தந்தி போலிருந்தாலும் சியைவிட உயர்ந்த சுருதி. தனி மெட்டு வாசிக்கும்போது பிள்ளைகள் இதில் குழம்புவார்கள்.

மகள் இப்போது கிட்டார் கேட்கிறாள். தயங்காமல் சரி என்றேன். கிட்டாரின் மெல்லிய நான்கு கம்பிகளில், ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் உகுலேலேயின் அதே ஜி, சி, ஈ, ஏ கிடைத்துவிடும், ஜி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். கற்ற விரல் வடிவங்கள் அத்தனையும் அங்கேயும் உதவும். விரல்கள் நீண்டுவிட்ட பெரிய பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்குவதானால் சோப்ரானோவுக்குப் பதில் சற்றே பெரிய கான்சர்ட் அளவைச் சொல்வேன். சுருதி அதேதான், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இடம் கூடுதல்.