கரிகிரி மண்ணில் ஒரு கொரிய வாத்து: வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

காட்பாடியிலிருந்து கரிகிரி போகும் வழியில் உள்ள ஒரு மண்பாண்டக் கடையில், பழங்கொரியப் பானைகளின் நகல்கள் மூன்று விற்கிறார்கள்: வாத்து வடிவக் கலயம், மாட்டுக்கொம்பு போன்ற பிடி வைத்த ஜாடி, காலில் சாளரம் வெட்டிய கோப்பை. வாத்தைத் தயங்காமல் வாங்கலாம். ஜாடி பரவாயில்லை. கோப்பையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

வாத்தும் ஜாடியும் பியோன்ஹான் காலத்தவை. கொரியத் தீபகற்பத்தின் தெற்கே, நக்டாங் ஆற்றின் கீழ்ப்பகுதியை ஒட்டி 12 சிறு நாடுகள் சேர்ந்த கூட்டம் அது. மாஹான், ஜின்ஹான் என்ற மற்ற இரு கூட்டங்களையும் சேர்த்து மூன்று ஹான்கள் என்பார்கள். 3-ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்றுக் குறிப்பு ஒன்று அங்கே இரும்பு எடுத்ததையும், சந்தையில் காசுபோல இரும்பைக் கொடுத்து வாங்கியதையும் சொல்கிறது. இறந்தவர் பறந்து போகட்டும் என்று பெரிய பறவை இறகுகளைச் சவத்தோடு வைத்தார்கள் என்பதும் அதில்தான் வருகிறது. கல்லறைகளில் கிடைத்த வாத்துக் கலயங்களை இந்த நம்பிக்கையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். விலைச்சீட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. கடைக்காரர் அவசியம் சேர்க்க வேண்டும்.

வாத்தின் உடல் உள்ளே வெற்றிடம். முதுகில் ஒரு வாய், வால் நுனியில் ஒரு துளை. முதுகில் ஊற்றியதை வாலைச் சாய்த்து வார்க்க வேண்டும். முதுகு வாய் வழியே காற்று உள்ளே போவதால் தாரை சீராக விழுகிறது. முதுகைக் கையால் இறுக மூடினால் தாரை நின்றுவிடும். நகல் சரியாகச் செய்யப்பட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. கிளேஸ் (கண்ணாடிபோல உருகிப் படியும் பூச்சு) பூசிய வாத்துகளில் வால் துளைக்குள் கிளேஸ் உருகி அடைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. நீலப்பச்சை கிளேஸ் கரிகிரியின் பெருமைதான், ஆனால் இந்தக் கலயத்துக்கு அது பொருந்தாது. மூலக் கலயங்கள் கிளேஸ் இல்லாத, மென்மையாகச் சுட்ட சாம்பல் நிற மண். சூளை வாயை அடைத்துக் காற்றைக் குறைத்துச் சுட்ட சாம்பல் நிற வாத்தும் அதே கடையில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தடித்த கழுத்து மெதுவாகவும் மெல்லிய உடல் சீக்கிரமாகவும் காய்வதால் அங்கேதான் பிளக்கும். விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.

கோப்பையில் பிழை பெரியது. சீட்டில் காயா என்று போட்டிருக்கிறார்கள். பியோன்ஹான் நிலத்தில் பிறகு எழுந்த கூட்டரசு அது. 562-இல் அண்டை அரசான சில்லாவிடம் வீழ்ந்தது. காயாக் கோப்பையின் காலில் இரண்டு அடுக்குச் சாளரங்கள் இருந்தால் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி நிற்கின்றன, அது சில்லா பாணி. ஹமான் பகுதியின் தீச்சுடர் வடிவச் சாளரத்தைப் பாதி காய்ந்த பதத்தில் வெட்டியிருந்தால் அசல் காயா அடையாளமாக இருந்திருக்கும். இன்னொன்று, மூலங்கள் 1,000 டிகிரிக்கு மேல் சுட்ட கெட்டி மண். நம் ஏரிக் களிமண் அந்தச் சூட்டில் உப்பி, கோணிவிடும். வேறு மண் கலக்காமல் அந்தக் கெட்டித்தன்மை வராது. காலும் கிண்ணமும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது கீறிவிட்டுக் களிக்குழம்பு பூசி ஒட்டாததால், சில கோப்பைகளில் ஒட்டு வளையமாகவே விட்டிருக்கிறது.

சீட்டில் காயா அரசி ஹோ ஹ்வாங்-ஓக்கைப் பாண்டிய இளவரசி என்று அடித்துச் சொல்வதும் வேண்டாத வேலை. அவர் கதையைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூல் அவர் பிறந்த நாட்டை அயுத்தா என்கிறது, பாண்டிய நாடு என்று சொல்லவில்லை. வடாற்காட்டுக் குயவர் கையில் பிறந்த இந்த வாத்தை விற்க அந்தக் கதை தேவையே இல்லை.

வாங்கியபின் தண்ணீரை இரவு முழுக்க விடாதீர்கள், அடியில் கசியும். சோப்பு போடக் கூடாது, மண் உறிஞ்சிக்கொள்ளும். தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் காலடியில் கை கொடுங்கள்.