லேப் விண்ட் டனல்: ஃபேனுக்கு எத்தனை கிலோவாட் வேணும்?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் சின்ன விண்ட் டனல் (மாடல் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் குழாய்) ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் திறந்த வகை. டெஸ்ட் செக்‌ஷன் (மாடல் வைக்கும் இடம்) 30 செ.மீ.க்கு 30 செ.மீ., கடைசியில் ஆக்சியல் ஃபேன், 5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ். வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கரண்ட் கணக்குதான்.

நம்மூர் 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோ. விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 108 கி.மீ.) டெஸ்ட் செக்‌ஷன் வழியே போகும் காற்றின் இயக்க ஆற்றல் விநாடிக்கு 1.4 கிலோஜூல், அதாவது 1.4 கிலோவாட். இதையே மோட்டார் சைஸ் என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு, தப்பு. ஃபேன் ஈடுகட்ட வேண்டியது இழப்பை: ஹனிகோம்ப் (ஓட்டத்தை நேராக்கும் தேன்கூடு மாதிரித் தட்டு), வலை, சுவர் உராய்வு, டிஃப்யூசர் (போகப் போக விரியும் குழாய்), கடைசியில் வெளியே வீசிப்போகும் வேகம். எங்கள் டனலில் இதெல்லாம் சேர்ந்து அந்த 1.4 கிலோவாட்டில் 0.6 பங்கு, அதாவது 840 வாட். செயல்திறன் ஃபேனுக்கு 60, மோட்டாருக்கு 85, டிரைவுக்கு 96 சதவீதம் என்று வகுத்தால் லைனில் 1.7 கிலோவாட். இரண்டு மணி நேர லேபுக்கு மூன்றரை யூனிட்கூட ஆகாது.

ஆனால் வேகம் கூடினால் பவர் வேகத்தின் கனத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 40 மீட்டருக்கே 4 கிலோவாட். விற்பவர் கொடுத்த நோட்டீஸில் 50 மீட்டர் என்று போட்டிருந்தது. அதற்கு ஷாஃப்டில் மட்டும் ஆறரை கிலோவாட் வேண்டும், 5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட். மீதி எங்கிருந்து வரும்? அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

எலெக்ட்ரீஷியன் தம்பி கிளாம்ப் மீட்டரைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அண்ணே, மூணரை ஆம்பியர் இழுக்குதே, அப்ப ரெண்டரை கிலோவாட் ஆச்சே?"

"அது கேவிஏ தம்பி, வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினது. டிரைவ் இருக்கிற லைன்ல பவர் ஃபேக்டர், அதுல நிஜ கிலோவாட் எத்தனை பங்குங்கிறது, அடி வாங்கும். ஒயரும் பிரேக்கரும் ஆம்பியரைப் பார்த்துப் போடு, யூனிட்டை பவர் மீட்டர்ல பாரு."

சம்பா அறுவடைச் சமயம்தான் பெரிய தொல்லை. வைக்கோல் தூசி ஹனிகோம்ப் வாயில் பஞ்சு மாதிரி படியும். 30 மீட்டர் வேகத்தில் வழக்கமாக 53 மி.மீ. தண்ணீர் காட்டும் மானோமீட்டர் (காற்றழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் உயரமாகக் காட்டுவது), அதே ஹெர்ட்ஸில் கீழே இறங்கிவிடும். பழைய வேகம் வேண்டுமென்றால் ஹெர்ட்ஸை ஏற்ற வேண்டும், கரண்டும் கூடவே ஏறும். முன்பக்கமிருந்து வேக்குவம் கிளீனர் பிடித்தால் போதும். ஏர் கன்னால் ஊதினால் தூசி பின்னாலிருக்கும் வலைக்குப் போய்ச் சிக்கும். பம்ப்செட்டுகள் ஒன்றாக ஓடும் நேரம் வோல்டேஜ் சரிந்து டிரைவ் ட்ரிப் ஆவதும் உண்டு. அதற்கு மோட்டாரைத் திட்டிப் பயனில்லை.

2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்ததிலிருந்து ஓட்டுக்கூரை, தென்னை மாடல் கேட்டு வரும் மாணவர்கள் அதிகம். மாடல் பெரிதாகப் பெரிதாக வழியை அடைக்கும். அதுவும் இழப்புக் கணக்கில் சேரும். முகப்புப் பரப்பு டெஸ்ட் செக்‌ஷனில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

இன்னொன்று, சத்தம். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைச் சாத்தச் சொல்வார்கள். ஆனால் சாத்த முடியாது. வெளியேறிய காற்று சுற்றி வந்து மறுபடி வாய்க்குள் போக அறையில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் கலங்கி மானோமீட்டர் ஒரு நிலையில் நிற்காது. எங்கள் லேபில் பின்கதவு திறந்தேதான் இருக்கும்.