நிலாவெளி வீதி: பஸ்ஸைக் கூட்டுவதா, ஓட்ட நேரத்தைக் குறைப்பதா?

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக நிலாவெளி போகும் வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் முதலில் கேட்பது இன்னும் நாலு பஸ் விடச்சொல்லித்தான். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பஸ் வாங்கும் முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

தூரத்தை 15 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். தரிப்புகளையும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் என்றால் ஒரு வழிக்கு 45 நிமிடம். இரு முனையிலும் பத்துப் பத்து நிமிட ஓய்வைச் சேர்த்தால் ஒரு சுற்று 110 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 110ஐ 15ஆல் வகுக்க ஏழே சொச்சம் வரும். ஆக எட்டு பஸ். ஒரு வழிக்குப் பத்து நிமிடம் மிச்சப்பட்டால் சுற்று 90 நிமிடமாகும், அதே சேவைக்கு ஆறு பஸ் போதும். எட்டையும் ஓடவிட்டால் பதினொரு நிமிடத்துக்கு ஒன்று வரும். பத்து நிமிடத்தைக் குறைப்பது இரண்டு பஸ் வாங்குவதற்குச் சமம். எட்டு ஓடும் பாதைக்கு ஒன்பதாவது ஒன்று திருத்த வேலைக்கு மாற்றாக நிற்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு இரண்டு இடத்தில் வழி உண்டு. ஒன்று, கை காட்டிய இடமெல்லாம் நிறுத்துவது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேகம் குறைத்து, ஆள் ஏற்றி, மீண்டும் வேகம் எடுக்க ஏறத்தாழ அரை நிமிடம் போகும். நகருக்குள் 400 மீற்றருக்கு ஒன்று, உப்புவெளிக்கு அப்பால் 600 முதல் 800 மீற்றருக்கு ஒன்று எனத் தரிப்பிடங்களை ஒழுங்குபடுத்திப் பத்து நிறுத்தங்கள் குறைந்தால் ஐந்து நிமிடம் கையில். இரவு ஏழு மணிக்குப் பின் இந்த விதியைத் தளர்த்த வேண்டும். இருட்டில் ஒரு பெண்ணை அரைக் கிலோமீற்றர் நடக்கவிடுவது சேவையாகாது.

மற்றது, ஆள் சேர்க்க நிற்பது. அன்றாடக் கலெக்ஷனில் சம்பளம் தங்கியிருக்கும்வரை சாரதியும் நடத்துநரும் முதல் பாதியில் ஊர்ந்து, பின்னால் வரும் பஸ் கண்ணில் பட்டதும் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். இதை அவர்களின் பேராசை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. சம்பள முறைதான் அப்படி ஓட்டுகிறது. நேரம் குறிப்பவர் இரு முனையில் மட்டும் இருந்தால் நடுவழியில் நடப்பது தெரியாது. வழியில் உள்ள அலஸ் தோட்டத்தை அண்டி மூன்றாவது குறிப்பிடம் ஒன்று வேண்டும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் எல்லாம் இதே வீதியில்தான் ஓடுகின்றன. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுவிட்டால் அடுத்த அரை மணிக்கு வீதி வெறிச்சோடிக் கிடக்கும். கூட்டு நேர அட்டவணை இல்லாமல் புதிய அனுமதிப்பத்திரம் கொடுப்பது பந்தயத்தில் இன்னொரு வண்டியைச் சேர்ப்பதுதான்.

தரிப்பிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இரு கட்சி உண்டு. வீதியோரத்தை உள்ளே வெட்டிக் குடா அமைப்பது ஒன்று. நடைபாதையை வீதி விளிம்புவரை நீட்டி, பஸ்ஸை ஓடும் தடத்திலேயே நிறுத்துவது மற்றது. குடாவுக்கு 3 மீற்றர் ஆழம், 15 மீற்றர் நேர்ப்பகுதி, உள்ளே வரவும் வெளியேறவும் இருபுறமும் சாய்வு என மொத்தம் 45 மீற்றராவது வேண்டும். இடமில்லையென்று 25 மீற்றரில் முடித்தால் பஸ்ஸின் பின்புறம் வீதியில் துருத்தி நிற்கும். நகருக்குள் அந்தக் குடாவை முச்சக்கரவண்டியும் வானும் பிடித்துக்கொள்ளும். பஸ் வெளியிலேயே நிற்க, முதிய பெண் தார்வீதியில் இறங்கி நாற்பது சென்ரிமீற்றர் உயரமான மிதிபலகையை எட்டிப் பிடித்து ஏற வேண்டியதாகும். நீட்டிய நடைபாதையை 18 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அந்த உயரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பின்னால் வரும் வாகனங்கள் கால் நிமிடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே நகருக்குள் நீட்டிய நடைபாதை. வாகனங்கள் வேகமெடுக்கும் உப்புவெளிக்கு அப்பால் முழு நீளக் குடா. எதுவானாலும் சந்தியைத் தாண்டி 30 மீற்றர் தள்ளி, மஞ்சள் கடவை பஸ்ஸின் பின்புறம் வரும்படி அமைய வேண்டும். கடவை முன்னால் இருந்தால், பஸ்ஸின் முகப்புக்கு அப்பால் தலை நீட்டும் பிள்ளையை, பஸ்ஸை முந்திவரும் மோட்டார் சைக்கிள்காரர் காணமாட்டார்.

நிழற்குடையில் ஒரே வரைபடத்தை இருபக்கமும் கட்டுவது பெரிய தவறு. நிலாவெளி போகும் பஸ் மேற்குப் பக்கம் நிற்கும். அந்தக் குடை கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால் மார்கழி வாடைமழை நேரே முகத்தில் அடிக்கும். கூரை முன்னால் 2 மீற்றராவது நீண்டிருக்க வேண்டும், வடக்குப் பக்கத்தில் மறைப்பும் வேண்டும். நகருக்கு வரும் கிழக்குப் பக்கக் குடைக்கு எதிரி பின்னேர வெயில். உப்புக்காற்றில் பெயின்ற் அடித்த இரும்புக் குழாய் அடிப்பகுதியில் முதலில் துருப்பிடிக்கும். துத்தநாகம் தோய்த்த குழாய் அல்லது கொங்கிறீற் தூண் நல்லது. மாடு ஏறிப் படுக்காதபடி இருக்கை உயரமாகவும் தனித்தனியாகவும் இருக்கட்டும்.

தாழ்தள பஸ்ஸா, இப்போதுள்ள உயர்தள பஸ்ஸா? லொறிச் சட்டத்தின்மேல் கட்டிய பஸ்ஸின் தளம் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம். சக்கர நாற்காலிக்கு அதில் வழியே இல்லை. தாழ்தளம் 35 முதல் 40 சென்ரிமீற்றர்தான். ஆனால் மேடான மதகிலும் வேகத்தடையிலும் அடி உரசும், தேங்கிய மழைநீரில் இயந்திரம் பாதிக்கப்படும். எல்லாவற்றையும் மாற்றப் பணம் வராது. இரண்டு தாழ்தள பஸ்ஸை வைத்தியசாலை கிளினிக் நேரத்துக்கு, நேரத்தை எழுதி ஒட்டி, தவறாமல் ஓட்டினால் பயன் உண்டு. எப்போது வருமென்று தெரியாமல் ஓடினால் யாரும் நம்பி வெளிக்கிடமாட்டார்கள். 18 சென்ரிமீற்றர் நடைபாதைக்கு ஏறு சாய்வு 1:12 என்றால் 2.16 மீற்றர் நீளம். அதைச் சுருக்கினால் துணையாள் இல்லாமல் ஏற முடியாது.

பஸ்ஸுக்கெனத் தனித் தடம் இங்கே பொருந்தாது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பஸ் ஓடும் வீதியில் அந்தத் தடம் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறைதான் பயன்படும், மீதி நேரம் வாகனத் தரிப்பிடமாகிவிடும். காலை 6.30 முதல் 8.00 வரையும், பாடசாலை விடும் 1.15 முதல் 2.30 வரையும் நெருக்கடியான பகுதிகளில் வாகனம் நிறுத்தத் தடை போட்டால் பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடும்.

செலவு வரிசையில் பார்த்தால் கூட்டு அட்டவணையும் நடுவழிக் குறிப்பிடமும் முதலில், தரிப்பிடங்கள் அடுத்து, புதிய பஸ் கடைசியில். தரிப்பிட வேலையில் இழுபறி எங்கே வருமென்பதும் தெரிந்ததே. இந்த வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையது. நிழற்குடையைக் கூட்டிக் கழுவுவது நகருக்குள் ஒரு சபை, உப்புவெளியில் ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச சபை, நிலாவெளியில் குச்சவெளிப் பிரதேச சபை. கட்டுவதற்கு முன்பே பராமரிப்பு யாருக்கு என்று மூன்று சபைகளிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.