டியோவுக்கு இப்ப மூண்டாவது பின் ரயர்

வேலணையில இருந்து ரவுணுக்கு வேலைக்குப் போய் வாறனான். 2017இல எடுத்த டியோ ஸ்கூட்டர்.

கம்பனியோட வந்த பின் ரயர் 18 ஆயிரம் கிலோமீற்றர் கிட்ட ஓடிச்சுது. நடுவால சப்பையாகி வந்தது தெரியும், ஆனா ரெண்டு கரையிலயும் வெட்டு, அதான் ரயரில இருக்கிற பள்ளக்கோடுகள், நல்லாக் கிடந்தபடியா இன்னும் ஒரு மாரி ஓடலாம் எண்டு விட்டுட்டன். நேர் ரோட்டில நிலத்தில படுறதே நடுப்பக்கம்தான், அது அப்ப மண்டையில ஏறேல்லை. 2019 கார்த்திகை மழைக்குள்ள பண்ணை ரோட்டால வரேக்க நாய் ஒண்டு குறுக்க வர, பிறேக் பிடிச்சன், பின்சில்லு என்னை முந்தப் பாத்துது. விழேல்லை. ரெண்டு பக்கமும் கடல், நினைச்சுப் பாருங்கோ.

கராஜ் அண்ணை பாத்திட்டு "தம்பி, உது எப்பவோ முடிஞ்ச ரயரடா" எண்டார். வெட்டுக்குள்ள குறுக்கால ஒரு சின்ன மேடு இருக்கும், எங்க இருக்கெண்டு காட்ட ரயரின்ர பக்கத்தில ரீ டபிள்யூ ஐ எண்டோ சின்ன முக்கோணமோ போட்டிருப்பாங்கள், ரப்பர் தேஞ்சு அந்த மேட்டோட சமனா வந்தால் கதை முடிஞ்சுது. காருக்கு அந்த மேட்டின்ர உயரம் 1.6 மில்லிமீற்றர், மோட்டசைக்கிளுக்குப் பொதுவா இன்னும் குறைவு. அண்டைக்கே முன்னும் பின்னும் மாத்தினன்.

ரெண்டாவது ரயர் தேயவே இல்லை, ஆனா செத்துப்போச்சு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில நான் சைக்கிளுக்கு மாற, டியோ கொட்டிலுக்குள்ள காத்து இறங்கினபடியே மாசக்கணக்கா நிண்டது. பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் முறை வந்து கிழமைக்கு 4 லீற்றர் கிடைக்கத் தொடங்கினாப்பிறகு எடுத்து ஓடினால் 40இல தொக்குத் தொக்கெண்டு ஒரு ஆட்டம். குனிஞ்சு பாத்தன், பக்கமெல்லாம் வெடிப்பு, நகம் உள்ளுக்குப் போகுது. மேல வெட்டெல்லாம் புதுசு மாதிரி! வேற வழியில்லை, மாத்தத்தான் வேணும்.

மூண்டாவது வாங்கப் போன இடத்தில ஒரு கடைக்காரர் பளபளவெண்டு ஒண்டை எடுத்துத் தந்தார். ரயரின்ர பக்கத்தில டொட் (DOT) எண்டு தொடங்கிற வரியின்ர கடைசி நாலு இலக்கத்தைப் பாத்தன், 2318. 2018ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது, நான் நிக்கிறது 2023இல. "கடையில இருந்தால் பழுதாகாது" எண்டார். நிழலில வச்சிருந்தால் கெதியா கெடாதுதான், ஆனா புது விலை குடுத்து அஞ்சு வருசம் கிடந்ததை ஏன் வாங்கோணும், வேற கடைக்குப் போனன்.

இப்ப ஓடுறது பரவாயில்லை, நடுப்பக்கம் ஒரே சீரா தேயுது, காத்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பாக்கிறதால எண்டு நினைக்கிறன். காத்து கூடினால் நடு தேயும், குறைஞ்சால் கரை.

முன் சில்லில இன்னும் அந்த 2019 ரயர்தான். 3419 எண்டு கிடக்கு, வெட்டு நல்லா இருக்கு. ஆனா 2022இல அதுவும் பின்னதோட சேந்துதான் கொட்டிலுக்குள்ள நிண்டது, இப்ப பக்கத்தில மயிர் மாதிரி வெடிப்புத் தொடங்கீட்டுது. மாரிக்கு முன்னம் மாத்தோணும், சம்பளம் வரட்டும்.