தவக்கால ஒப்புரவு வழிபாடு, வட சென்னைப் பங்குகளில்: எது நன்றாக இருக்கிறது, எது இடிக்கிறது

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் புனித வாரத்துக்கு முன் ஒரு மாலையில் ஒப்புரவு வழிபாடு வைப்பது வழக்கம். வெளியிலிருந்தும் குருக்கள் வருவார்கள். வாசகம், சின்ன மறையுரை, ஆன்ம சோதனை, பிறகு ஒவ்வொருவராகக் குருவிடம் போய்த் தன் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். 1973-இல் வந்த ஒப்புரவுச் சடங்கில் உள்ள மூன்று முறைகளில் இது இரண்டாவது. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. மனசுக்குள் ஏதோ ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதுதான் கேள்வி.

முதல் பாதி அருமை. விவிலியத்தில் யோசுவா 7-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டால் இன்னும் நல்லது. எரிகோ நகரம் விழுந்தபோது எடுக்கக் கூடாததைத் திருடிய ஆக்கான் ஒரு மேலாடை, 200 செக்கேல் வெள்ளி, 50 செக்கேல் எடையுள்ள தங்கக் கட்டி, மூன்றையும் தன் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தான். வெள்ளி அடியில் இருந்தது. என்ன எடுத்தான், எவ்வளவு, எங்கே வைத்தான் என்று அவன் வாயாலேயே வருகிறது. நம் ஆன்ம சோதனையும் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். ஆனால் கையில் கொடுக்கிற கேள்வித்தாள் பல இடங்களில் அங்கே இறங்குவதில்லை. ஞாயிறு பூசை, காலை மாலை ஜெபம், சண்டை, கெட்ட வார்த்தை என்று ஓடிவிடுகிறது. தண்டல் வட்டி, சீட்டுப் பணம், வரதட்சணை, சாதி பார்ப்பது, பூட்டு போட்ட செல்போன் பற்றி ஒரு வரி இருக்காது. நாம் ஒளித்து வைப்பது பெரும்பாலும் இவற்றைத்தானே.

இரண்டாம் பாதியில்தான் இடிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 பேர், 4 குருக்கள், ஆளுக்கு 3 நிமிஷம் என்றால் இரண்டரை மணி நேரம். அதனால் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி (குருவுக்கும் சொல்பவருக்கும் நடுவே தடுப்பு வைத்த மரக்கூண்டு) போதாமல் தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள். வரிசை நாலடி தள்ளி நிற்கிறது. பின்னால் நிற்பவர் அதே அன்பியத்துக்காரர், அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அதே சிறு குழுவைச் சேர்ந்தவர். கனமான பாவம் அங்கேதான் தொண்டையில் சிக்கி, "பண விஷயத்துல கொஞ்சம் தப்பு, ஃபாதர்" என்று மழுங்கி வெளியே வருகிறது.

அந்த ஒரு வாக்கியம் போதாது. சாவான பாவத்தை, அதாவது தெரிந்தே மனசாரச் செய்த கனமான பாவத்தை, வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 988. "ஏலச்சீட்டுல தள்ளுப் பணத்தைக் குறைச்சுக் காட்டி மீதியை நான் எடுத்துக்கிட்டேன், மூணு சீட்டுல" என்றால் குருவுக்குப் புரியும். உடனே கேட்பார்: "மொத்தம் எவ்வளவும்மா? யார் யாருக்குச் சேர வேண்டியது? திருப்பிக் கொடுக்க முடியுமா?" மழுப்பினால் இந்தக் கேள்விகள் வராது, பரிகாரமாக மூன்று முறை ‘அருள் நிறை மரியே’ ஜெபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், பணம் மட்டும் பீரோவிலேயே இருக்கும்.

மறந்ததும் மறைத்ததும் ஒன்றல்ல. மறந்துபோன பாவமும் மன்னிக்கப்படுகிறது; நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். சாவான பாவம் என்று தெரிந்தே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. கடைசியாகச் சரியாகச் செய்த நாளிலிருந்து கட்டிய சாவான பாவங்களை எல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். பல வருஷமாக ஒன்றை மூடி வைத்திருப்பவர் இதைக் கேட்டுப் பயந்து, பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதையே விட்டுவிடுகிறார். பயப்படத் தேவையில்லை. "சாமி, ஒரு பாவத்தை ரொம்ப வருஷமா மறைச்சு வெச்சிருக்கேன், சொல்ல உதவி செய்யுங்க" என்றால் மிச்சத்தைக் குருவே கேட்டு வாங்குவார்.

ஆகவே என் தீர்ப்பு: வழிபாட்டின் முதல் பாதிக்குக் கட்டாயம் போங்கள். சிறு பாவங்களோடு வருகிறவருக்கு இரண்டாம் பாதியும் போதும். புதைத்து வைத்த ஒன்று இருந்தால் அதை அந்த வரிசையில் தீர்க்கப் பார்க்காதீர்கள். வேறொரு வார நாளில், பூசைக்கு அரை மணி முன்னால், பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுப் போங்கள். தெரிந்த முகம் வெட்கம் தந்தால் வெளியூர்க்காரர்களும் வருகிற பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலம் போன்ற இடத்துக்குப் போகலாம். பிப்ரவரி 11 திருவிழாக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம். கம்பி வலை வைத்த தொட்டி கேட்பது உங்கள் உரிமை, சட்டம் 964 அதைச் சொல்கிறது. கேட்டதைக் குரு எவரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது (சட்டம் 983).

முழந்தாளிட்டதும் கனமானதை முதலில் சொல்லிவிடுங்கள். சின்னதில் ஆரம்பித்தால் பெரியது வரும்போது தைரியம் தீர்ந்துபோகும். மருமகள் செய்ததை, முதலாளி செய்ததைச் சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம். குறிப்பு தேவைப்பட்டால் துண்டுத் தாளில் எழுதி, முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். வீட்டில் நாலு பேர் எடுக்கிற செல்போனில் வேண்டாம். அந்தச் செல்போனில் கூப்பிட்டுப் பாவமன்னிப்பு வாங்கவும் முடியாது.

பணத்தைத் திருப்பும்போது பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஒரேயடியாக முடியாவிட்டால் மாசம் எவ்வளவு என்று குருவிடமே பேசி முடிவு செய்யுங்கள். முதல் தவணையை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.