எப்படித் தோற்க விருப்பம்? டாங்கிச் சண்டை ஆட்டங்கள்: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்கும்போது, கணினியும் கைபேசியும் பழுதுபார்க்கும் என் கடையில் இளைஞர் கூட்டம் கூடிவிடும். வலைக் கிழிசலைப் பொத்தி, படகுக்குச் சாயம் அடித்து முடித்தபின் மிஞ்சும் மாலைப்பொழுதில் அவர்கள் கேட்பவற்றுள் ஒன்று, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் டாங்கிச் சண்டை ஆட்டங்களில் எதைப் போட்டுக்கொள்வது என்பது. எது நன்றாக இருக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள்; எப்படித் தோற்றால் உனக்கு ஆத்திரம் வராது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். தொடங்கியவுடன் பத்துக்கு ஏழு ஆட்டம் தோற்கத்தான் போகிறோம் என்பதால், இந்த ஆட்டங்களுக்குள் உள்ள மெய்யான வேறுபாடு தோல்வி வந்துசேரும் விதத்தில்தான் இருக்கிறது.

இத்துறையில் இரண்டு பெரிய வீட்டார் உண்டு. பெலாருஸ் நாட்டு மின்ஸ்க் நகரில் 1998-இல் தொடங்கிய வார்கேமிங் நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்' 2010-இல் ரஷ்யாவிலும் 2011-இல் ஐரோப்பா, அமெரிக்காவிலும் வெளியானது. கைஜின் நிறுவனத்தின் 'வார் தண்டர்' 2012-இன் இறுதியில் வானூர்தி ஆட்டமாகத் திறந்த சோதனைக்கு வந்து, 2014-இல் டாங்கிகளைச் சேர்த்துக்கொண்டு, 2016 டிசம்பரில் முழு வெளியீடு கண்டது. இரண்டுமே காசு கொடுக்காமல் ஆடத் தொடங்கக்கூடியவை.

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸில் ஒவ்வொரு டாங்கிக்கும் உயிர்ப்புள்ளிகள் என்று ஒரு கணக்கு உண்டு. பகைவரின் குண்டு கவசத்தைத் துளைத்தால் அந்தக் கணக்கில் ஒரு பகுதி கழிகிறது. சுழியமானால் நீங்கள் அவ்வளவுதான், அந்த ஆட்டத்தில் மறுபிறவி கிடையாது. அணிக்குப் 15 பேர், ஆட்டத்துக்கு 15 நிமிடம். துளைப்பதா தெறிப்பதா என்பதைக் கவசத்தின் தடிப்பும் சாய்வும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. சோவியத் டி-34 டாங்கியின் முன்தகடு 45 மில்லிமீட்டர்தான். ஆனால் அது நிமிர்நிலையிலிருந்து 60 பாகை சாய்ந்திருப்பதால், நேராக வரும் குண்டு ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடந்தாக வேண்டும். ஜெர்மானியரின் டைகர் டாங்கிக்கு முன்தகடு 100 மில்லிமீட்டர் என்றாலும் அது பெட்டிபோல நிமிர்ந்து நிற்பது. ஆகவே அதை ஓட்டுபவர் வண்டியையே சற்றுத் திருப்பி நிறுத்தி, இல்லாத சாய்வை உண்டாக்கிக்கொள்ளக் கற்க வேண்டும். அலைக்கு நேரே கொடுக்காமல் படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, சாய்த்துக் கொடுக்கப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. இந்த ஆட்டத்தில் என்னை உறுத்துவது அதிர்ஷ்டத்தின் பங்கு. குண்டின் துளைக்கும் திறனும் அது செய்யும் சேதமும் ஒவ்வொரு முறையும் 25 விழுக்காடு மேலும் கீழும் ஊசலாடுவதால், பட்டியலில் 240 என்று போட்டிருக்கும் குண்டு ஒருமுறை 180-ஐயும் மறுமுறை 300-ஐயும் கழிக்கும். கடைசி 200 புள்ளியோடு ஓடும் எதிரியை அந்த 180 தப்பவிடும்போது ஏற்படும் எரிச்சலுக்கு ஆறுதல் கிடையாது.

வார் தண்டரில் உயிர்ப்புள்ளி என்ற ஒன்றே இல்லை. குண்டு எங்கே நுழைந்தது, உள்ளே யார் இருந்தார்கள், எந்தக் கருவி இருந்தது என்பதே கணக்கு. பீரங்கியின் பின்புற அடைப்பு சிதைந்தால் சுட முடியாது. எஞ்சின் போனால் நகர முடியாது. வெடிமருந்து பற்றினால் பீரங்கி பொருத்திய மேற்கோபுரமே பிய்த்துக்கொண்டு போகும். உள்ளிருக்கும் ஆட்களில் ஒருவர்தான் மிச்சம் என்றால் வண்டி முடிந்தது. போன தடைக்காலத்தில் பாம்பனைச் சேர்ந்த தம்பி ஒருவன் என் கடைக் கணினியில் முதன்முதலாக இதை ஆடினான். இடிந்த சுவரோரம் மெல்ல டி-34-ஐ நகர்த்தி, மூக்கு நீட்டிய அரை நொடியில் திரை அதிர்ந்தது. உடனே ஊடுகதிர்ப் படம்போல வண்டியின் உட்புறம் திரையில் விரிந்தது: குண்டு பக்கவாட்டுத் தகட்டைத் துளைத்து உள்ளே வெடிக்க, சில்லுகள் கோடுகோடாகச் சிதற, உள்ளிருந்தவர்களின் உருவங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. "எவன் அடிச்சான்னே தெரியலையேண்ணே" என்று அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டுக் காட்டி, சுட்டவன் எந்த மூலையில் இருந்தான், அவன் குண்டுக்குள் வெடிமருந்து இருந்ததால்தான் ஒரே அடியில் எல்லாரும் போனார்கள் என்று விளக்கினேன். பிரிட்டிஷ் டாங்கிகள் பெரும்பாலும் வெடிமருந்து இல்லாத கெட்டிக் குண்டையே சுடுவதால், அவற்றை எடுப்பவர் எதிரியின் உடலமைப்பை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். புதியவருக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

ஒன்றில் தேய்ந்து தோற்கிறோம், மற்றொன்றில் நொடியில் தோற்கிறோம். நொடியில் தோற்பவருக்கு வார் தண்டர் ஓர் ஈடு தருகிறது: வரிசையில் வைத்திருக்கும் அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு அதே ஆட்டத்துக்குள் திரும்பி வரலாம். ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்ற மூன்று முறைகளில் முதலாவதில் குறிமுள்ளே துளைக்குமா துளைக்காதா என்று நிறத்தால் சொல்லிவிடும். இரண்டாவதில் எதிரியின் தலைக்குமேல் பெயரும் தெரியாது, தூரத்தை நாமே மதிப்பிட வேண்டும். புதியவர் ஆர்கேடில் ஒரு மாதம் கழித்துவிட்டு ரியலிஸ்டிக்குக்கு மாறுவது நல்லது. சிமுலேட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது பார்வை. எங்கள் மாவட்டத்தில் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதால், புதருக்குப் பின்னால் நிற்பவரை ஓரளவுக்குத்தான் காண முடியும் என்பது எங்களுக்குத் தெரிந்த சங்கதி. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் இந்தச் சங்கதியைக் கணக்காக்கி வைத்திருக்கிறது. டாங்கியின் பார்வைத் தூரம், எதிரியின் மறைவுத் திறன், நடுவிலுள்ள புதர் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, நீங்கள் கண்டறியப்படவில்லை என்றால் எதிரியின் திரையிலிருந்தே உங்களை மறைத்துவிடும். எத்தனை கூரிய கண் இருந்தாலும் 445 மீட்டருக்கு அப்பால் உங்கள் வண்டி யாரையும் கண்டறியாது. 50 மீட்டருக்குள் வந்துவிட்டால் இடையில் மலையே இருந்தாலும் கண்டறிந்துவிடும். புதரை ஒட்டி நின்று சுட்டால் புதரின் மறைவு போய்விடும். 15 மீட்டருக்கு மேல் பின்வாங்கி, புதரை முன்னே விட்டுச் சுட்டால் மறைவு நிலைக்கும். இந்த ஒரு விதி தெரியாமல் ஆயிரம் ஆட்டம் ஆடியவர்களை எனக்குத் தெரியும். எதிரி உங்களைக் கண்டுவிட்டால் ஏறத்தாழ மூன்று நொடி கழித்துத் திரையில் ஒரு விளக்கு எரியும். பல்பு வாங்கினான் என்று நாம் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. வார் தண்டரின் ரியலிஸ்டிக் முறையில் விளக்கும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. உங்கள் கண் கண்டால் உண்டு. அதிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தால் புல் பெரும்பாலும் மறைந்துபோவதால், அழகான புல்வெளியில் பதுங்கியிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பழைய கணினிக்காரர் உங்களை மொட்டைத் திடலில் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேலிருந்து விழும் அடியைப் பற்றிய புலம்பல் இரு பக்கமும் உண்டு. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸில் தொலைபீரங்கி வண்டிகள் வானத்திலிருந்து நோக்குவதுபோலக் களத்தைப் பார்த்துச் சுடும்; 2017-இல் அணிக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். வார் தண்டரில் புள்ளி சேர்த்தவர் அடுத்த முறை குண்டுவீச்சு விமானத்தில் வருவார். எனக்கு இரண்டாவது கொடுமையே மேல். அதை எதிர்க்க விமான எதிர்ப்பு வண்டியை நானும் எடுக்கலாம் அல்லவா?

கணினி இல்லாதவர்களுக்கு, அதாவது என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு, 2014-இல் கைபேசிக்கென்று வந்த 'வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் பிளிட்ஸ்' இருக்கிறது. அணிக்கு ஏழு பேர், ஏழு நிமிடம், தொலைபீரங்கி கிடையாது. குறிபார்க்கும்போது துளைக்க முடியாத இடங்கள் எதிரியின் உடலில் சிவப்பாகத் தெரிவதால், கவசத்தின் சாய்வைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் சுட்டே தெரிந்துகொள்ளலாம். பெரிய ஆட்டத்தைச் சுண்டக் காய்ச்சிய குழம்பு இது. காரம் குறைவு, ஆனால் சுவை அதேதான். 'வார் தண்டர் மொபைல்' பார்க்க அழகானது என்றாலும், கட்டைவிரலால் அரை அங்குல இடைவெளியில் குறிவைக்க வேண்டியிருப்பதால் அதன் நுணுக்கம் திரையிலேயே கரைந்துவிடுகிறது. 2015-இல் திறந்த சோதனைக்கு வந்த 'ஆர்மர்ட் வார்ஃபேர்' இக்காலத்து டாங்கிகளைக் கொண்டது. கணினி இயக்கும் எதிரிகளை நால்வர், ஐவர் கூட்டாக எதிர்கொள்ளும் முறை அதில் உண்டு என்பதைத் தாண்டி, புதியவரை அதற்கு அனுப்ப எனக்குக் காரணம் தோன்றவில்லை.

இலவசம் என்பது வாசற்படி வரைதான். வண்டிகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும்; கீழ்ப் படிகளில் அவை விறுவிறுவென்று திறக்கும். மேலே போகப்போக, தோற்ற ஆட்டத்தில் பழுதுச் செலவும் குண்டுச் செலவும் வருமானத்தை விழுங்கி, கையைக் கடிக்கும். அங்கேதான் சந்தா, தங்கம், சிறப்பு டாங்கி என்று கடை விரிகிறது. 2023 மே மாதத்தில் வார் தண்டரின் இந்தப் பொருளாதாரத்தை எதிர்த்து ஆட்டக்காரர்கள் கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை மதிப்பீடுகளைக் குவித்தபின், நிறுவனம் இறங்கிவந்து மாற்றங்களை அறிவித்தது. எதை ஆடினாலும் நடுப்படிகளில் நின்றுவிடுங்கள் என்பதே என் யோசனை. ஆட்டத்தின் சுவையும் அங்கேதான், பணத்தின் நச்சரிப்பும் அங்கே குறைவு.

இணைப்பைப் பொறுத்தவரை, ஆசிய சர்வருக்கு என் கடையிலிருந்து தகவல் போய்வர நல்ல நேரத்தில் 90 மில்லிநொடி ஆகிறது. மழையிரவில் அது இரட்டிக்கும். தேய்ந்து தோற்கும் ஆட்டத்தில் இந்தத் தாமதம் பொறுக்கத்தக்கது. முதல் குண்டே முடிவாகும் ஆட்டத்தில் அது உயிரை எடுக்கும். ஆடுவதற்கு ஆகும் டேட்டா சொற்பம். பதிவிறக்கமும் புதுப்பிப்பும்தான் தின்னும்: கணினி ஆட்டங்கள் இரண்டும் பல பத்து ஜிபி என்பதால், நாளைக்கு 2 ஜிபி கிடைக்கும் திட்டத்தில் அவற்றை இறக்க நினைப்பது வீண் வேலை. இன்னொன்று, எங்கள் கடற்காற்று. விசிறி முழுவேகத்தில் சுழலும் ஒவ்வொரு மணி நேரமும் மடிக்கணினி உப்புக்காற்றை உள்ளிழுக்கிறது. என் மேசைக்கு வரும் போர்டுகளில் பச்சை பூத்திருப்பவை பெரும்பாலும் ஆட்டக்காரர்களுடையவை.

பொறுமையும் கணினியும் உடையவருக்கு வார் தண்டரைச் சொல்வேன். வேடிக்கையாக ஒன்று: அதன் பிரிட்டிஷ் வரிசையிலுள்ள விக்கர்ஸ் டாங்கியின் வடிவமைப்பில்தான் நம் ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவானது; அதை எட்டும் வரை ஆட ஒரு தமிழனுக்கு அதுவே போதிய காரணம். அணியோடு திட்டமிட்டு நகர்வதை விரும்புபவருக்கு வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ். மற்ற எல்லாருக்கும் பிளிட்ஸ்.

பாம்பன் தம்பிக்கு அந்த ஊடுகதிர்க் காட்சி பிடித்துப்போய், தடைக்காலம் முழுதும் என் கடையிலேயே வார் தண்டர் ஆடினான். தடை முடிந்த வாரம் கைபேசியில் பிளிட்ஸை ஏற்றிக்கொண்டு போனான். எந்த ஆட்டமும் இணைப்பின்றி ஓடாது என்பதால், கரையின் சிக்னல் விட்டுப்போகும்வரை படகில் இரண்டு ஆட்டம்தான் முடிகிறதாம்.